ஐயாயிரத்துக்குள் ஒரு ஃபிளிப்பர் கத்தி: எஃகை இரண்டாவதாகக் கேளுங்கள்

கத்தி வாங்கப் போகிறேன் என்று சேலத்தில் யாரிடம் சொன்னாலும் வரும் முதல் கேள்வி, "என்ன ஸ்டீலு?" என்பதுதான். ஒரு பக்கம் கஞ்சமலை, அதன் அடிவாரத்தில் உருக்காலை என்று இருக்கிற ஊரில் அப்படிக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஐயாயிரம் ரூபாய்க்குள் கையால் திறக்கும் ஒரு ஃபிளிப்பர் கத்தி வாங்குகிறவருக்கு அது இரண்டாவது கேள்வியாக இருப்பது நல்லது. இந்த விலையில் எஃகு இன்று பெரும்பாலும் தேறிவிட்டது. கத்தி மூடியிருக்கும்போது மூடியே இருக்கிறதா, தட்டினால் முழுசாகத் திறக்கிறதா, திறந்தபின் விரல்மேல் மடங்காமல் நிற்கிறதா என்ற மூன்றில்தான் மலிவுக் கத்திகள் கோட்டை விடுகின்றன. மூன்றையும் தீர்மானிப்பவை கடுகளவு குண்டு ஒன்றும், அதைச் சுமக்கும் மெல்லிய தகடு ஒன்றும்.

மடக்குக்கத்தி மூடியிருக்கும்போது அலகின் அடிப்பகுதியிலிருந்து சின்னக் கொம்பு ஒன்று கைப்பிடியின் முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் அது ஃபிளிப்பர். ஆள்காட்டி விரலால் அந்தக் கொம்பை அழுத்தினால் அலகு சுழன்று வெளியே வந்து பூட்டிக்கொள்ளும். திறந்தபின் அதே கொம்பு கீழ்ப்பக்கமாக வந்து நின்று, விரல் வழுக்கிக் கத்தியின் வாய்ப்பக்கம் போகாமல் தடுக்கும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க வடிவமைப்பாளர் கிட் கார்சனின் எம்16 கத்தியைச் சி.ஆர்.கே.டி. நிறுவனம் பெரிய அளவில் விற்கத் தொடங்கிய பிறகு இந்த அமைப்பு உலகெங்கும் பரவியது. இன்று மலிவு விலையில் கிடைக்கும் ஃபிளிப்பர்களில் பெரும்பங்கு சீனாவின் குவாங்டாங் மாகாணத்து யாங்ஜியாங் நகரிலிருந்து வருகிறது. சேலத்துக்குக் கொலுசு எப்படியோ யாங்ஜியாங்குக்குக் கத்தி அப்படி, ஊரே அந்தத் தொழிலில் இருக்கிறது.

கையால் திறப்பது என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பார்வைக்கு ஃபிளிப்பர் போலவே இருக்கும் இன்னொரு வகைக்குள் முறுக்குக் கம்பி ஒன்று இருக்கும். கொம்பைக் கொஞ்சம் அசைத்ததுமே மீதி தூரத்துக்கு அந்தக் கம்பி அலகைத் தள்ளிவிடும். கெர்ஷா நிறுவனம் கென் ஆனியன் வடிவமைப்பில் 1990-களின் கடைசியில் இதைப் பிரபலமாக்கியது. அந்த வகை வேண்டாம் என்பது என் கருத்து. கம்பி ஒருநாள் ஒடியும், ஒடிந்தால் மாற்றுக் கம்பிக்கு நீங்கள் எங்கே போவீர்கள்? மூடும்போது ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பிரிங் என்ற சொல் சட்டத்தின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். அதைப் பிறகு பார்ப்போம்.

குண்டு என்ன செய்கிறது

கத்தியை மூடி வைத்து, கைப்பிடியின் இரண்டு பக்கங்களுக்கு நடுவே வெளிச்சத்தில் எட்டிப் பாருங்கள். உள்தகடுகளில் ஒன்று நீளவாக்கில் பிளக்கப்பட்டு, ஒரு பாதி அலகை நோக்கி லேசாக வளைந்திருக்கும். அதுதான் பூட்டுத் தகடு. அதன் நுனிக்குச் சற்று முன்னால் உருண்டையாக ஒரு புள்ளி பளபளக்கும். கடினமான எஃகினாலோ பீங்கானாலோ ஆன, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள குண்டு, தகட்டில் அடித்துப் பதிக்கப்பட்டிருக்கிறது. அலகின் அடியில் அதற்கு நேராக ஒரு துளை. மூடிய நிலையில் குண்டு அந்தத் துளையில் உட்கார்ந்திருக்கும். இந்த ஏற்பாட்டை டிடென்ட் என்பார்கள்.

கொம்பை அழுத்தும்போது உடனே எதுவும் நடக்காது. குண்டு துளையை விட்டு ஏற மறுக்க மறுக்க, விரலில் விசை சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் குண்டு சட்டென்று வெளியே குதிக்கும். அதுவரை சேர்ந்த விசை முழுவதும் அலகின் சுழற்சியாக மாறிவிடும். அதனால்தான் ஸ்பிரிங் எதுவும் இல்லாமலே அலகு அவ்வளவு வேகமாக வருகிறது. டிடென்ட் பலவீனமாக இருந்தால் விசை சேர்வதற்குள் குண்டு வெளியே வந்துவிடும், அலகு பாதி வழியில் சோர்ந்து நிற்கும். அப்போது மணிக்கட்டை உதறித்தான் திறக்க வேண்டியிருக்கும். உதறினால் எல்லாக் கத்தியும் திறக்கும், அதற்கு ஃபிளிப்பர் எதற்கு?

பலவீனமான டிடென்டின் பெரிய கேடு திறப்பதில் இல்லை, மூடியிருப்பதில்தான். மூடிய அலகைப் பையில் பிடித்து வைத்திருப்பது அந்தக் குண்டு ஒன்றுதான். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவும் பைக்கில் குலுங்கிக்கொண்டே போகும்போது கால்சட்டைப் பைக்குள் அலகு ஒரு விரற்கடை திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வேட்டி மடிப்பில் கத்தி செருகும் பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அதற்காக டிடென்ட் எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்றும் இல்லை. சில மலிவுக் கத்திகளில் குண்டு ஆழமாக உட்கார்ந்து, விரல் நுனி சிவக்கும் அளவுக்கு அழுத்தினால்தான் அலகு அசையும். முதல் வாரத்தில் அது விறைப்பாகவும் பிறகு சரியாகவும் ஆவதுண்டு. குண்டு உரசிப் போகும் பாதை மெல்ல வழவழப்பாவதுதான் காரணம். அலகின் அடியில் வில்போல ஒரு மெல்லிய கோடு விழுவதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். அது எல்லாக் கத்தியிலும் விழும். நகத்தால் தடவினால் தட்டுப்படாத கோடு என்றால் கவலை இல்லை. நகம் சிக்கும் அளவுக்குக் கோடு ஆழமாக இருந்தால் அலகு மென்மை, அல்லது குண்டு சொரசொரப்பு. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சோதிப்பது எளிது. மூடிய கத்தியைக் கொம்பு மேலே இருக்கும்படி பிடித்துப் பலமாக உதறிப் பாருங்கள், அலகு தலை நீட்டக் கூடாது. அலகை ஒரு இம்மி வெளியே இழுத்து விடுங்கள், தானாக உள்ளே போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். துளை சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு மணிக்கட்டை ஆடாமல் மேசைமேல் ஊன்றி வைத்துக்கொண்டு கொம்பை மட்டும் அழுத்துங்கள். பத்துக்குப் பத்து முறையும் முழுசாகத் திறந்து பூட்டினால் நல்ல கத்தி. எட்டு முறைதான் திறக்கிறது என்றால் உடனே கத்தியைக் குறை சொல்லிவிடாமல் உங்கள் மற்ற விரல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

இது புதிதாக வாங்குபவர்களில் பாதிப் பேர் தடுமாறும் இடம். பூட்டுத் தகட்டின்மேல் விரல் அழுந்தியிருந்தால் குண்டு இன்னும் இறுக்கமாகத் துளைக்குள் தள்ளப்படும், அலகு வராது. கைப்பிடியின் ஒரு பக்கமே பூட்டாக இருக்கும் ஃபிரேம் லாக் கத்திகளில் நடுவிரலும் மோதிர விரலும் இயல்பாகவே அந்தத் தகட்டின்மேல்தான் போய் உட்காரும். கத்தி மட்டம் என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பல, பிடித்த விதத்தால் மட்டமானவை. உள்தகடே பூட்டாக இருக்கும் லைனர் லாக்கில் மேலே ஜி10 எனும் கண்ணாடியிழைத் தகட்டு மூடி இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. முதல் ஃபிளிப்பர் வாங்குபவர் லைனர் லாக் வாங்குவதே மேல் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கொம்பின் வடிவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றை அலகின் நீளவாக்கில் பின்னோக்கி இழுக்க வேண்டும், சிலவற்றை நேரே உள்நோக்கி அழுத்த வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவம்தான் அதிகம். எப்படி அழுத்தினாலும் திறக்கிற கொம்பு நல்ல கொம்பு. கூரான விளிம்போடு விரலைக் கிழிக்கும் கொம்பு என்றால் உப்புத்தாளை வைத்து இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போதும்.

பூட்டு

இன்று நாம் காணும் லைனர் லாக் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் 1980-களில் செம்மைப்படுத்தியது. ஃபிரேம் லாக் அதே தத்துவம்தான், தகடு தடிமன், அவ்வளவே. அலகு திறந்ததும் பூட்டுத் தகடு அலகின் பின்புறச் சரிவில் வந்து முட்டி நிற்க வேண்டும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பாருங்கள். தகட்டின் தடிமனில் கால் பங்கிலிருந்து பாதி வரை அலகின் பின்னால் ஏறியிருந்தால் சரி. ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அழுத்தத்தில் நழுவும். முழுசாக எதிர்ப்பக்கம் வரை போய்விட்டிருந்தால், தேய்மானத்துக்கு இனி இடம் இல்லை, சில மாதங்களில் அலகு மேலும் கீழும் ஆடத் தொடங்கும்.

அலகு ஆடுவதில் இரண்டு வகை. இடம் வலமாக ஆடினால் அச்சுத் திருகாணியை இறுக்கலாம், சரியாகிவிடும். மேலும் கீழும் ஆடினால் அது பூட்டின் குறை, திருகாணியால் தீராது. வாங்கும்போதே இருந்தால் பேச்சே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். கத்தியின் முதுகை மேசையில் அடித்துப் பூட்டைச் சோதிக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. அப்படி அடித்தால் நல்ல பூட்டும் கெட்டுப்போகும். அலகின் முதுகில் உள்ளங்கையால் நிதானமாக அழுத்திப் பார்த்தாலே போதும், விரல்கள் மட்டும் அலகு மடங்கும் வழியில் இருக்கக் கூடாது.

குறுக்குக் கம்பிப் பூட்டு, பொத்தான் பூட்டு என்று வேறு இரண்டும் இப்போது குறைந்த விலையில் வருகின்றன. குறுக்குக் கம்பி கைப்பிடியின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பதால் இடக்கைக்காரர்களுக்கு அருமை. லைனர் லாக் வலக்கைக்கென்றே செய்யப்படுவதால் இடக்கைக்காரர்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பொத்தான் பூட்டை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே ஸ்பிரிங் அலகைத் தள்ளாது, பொத்தான் பூட்டை விடுவிக்க மட்டுமே என்றாலும், வெளிப்பார்வைக்கு அது பட்டன் கத்தி. இரவு பத்து மணிக்கு வாகனச் சோதனையில் நிற்கும் காவலரிடம் உள்ளமைப்பைப் பற்றிப் பாடம் நடத்த முடியாது.

பலாப்பிசினும் பால்ரஸ்ஸும்

அலகு சுழலும் அச்சில் இரண்டு பக்கமும் ஒன்று வாஷர் இருக்கும், இல்லாவிட்டால் பால்ரஸ், அதாவது பால் பேரிங், இருக்கும். பால்ரஸ் வைத்த கத்தி வெண்ணெய்போல் சுழலும், கடையில் கையில் எடுத்ததும் மனசைப் பறித்துவிடும். இப்போது இரண்டாயிரம் ரூபாய்க் கத்தியிலும் பால்ரஸ் வந்துவிட்டது. ஆனால் நம் பக்கத்து வேலைகளுக்கு அது எப்போதும் வரம் அல்ல.

ஏற்காட்டில் பலா சீசனில் ஒரு பழத்தை அறுத்தால் போதும், வெள்ளைப் பால் அலகில் வழிந்து அச்சுவரை ஓடிவிடும். அது காய்ந்தால் பிசின். பால்ரஸ் குண்டுகளுக்கு நடுவில் காய்ந்த பிசின் அலகைப் பாதியில் நிறுத்தும், டிடென்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. மலைக்குக் கீழே சேலத்தில் வேறு கதை. ஜவ்வரிசி ஆலையிலும் மாவு மண்டியிலும் மிதக்கும் மாவுத்தூள் அச்சுக்குள் போய் எண்ணெயோடு குழைந்து களிம்பாகிவிடும். செம்மண் புழுதியும் அப்படியே. பாஸ்பர் வெண்கல வாஷரில் தூசு நுழைய இடம் குறைவு, நுழைந்தாலும் அரைபட்டு ஒதுங்கும். சுழற்சி கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் நாள்பட நாள்பட வழவழப்பாகும்.

அதனால் தோட்ட வேலைக்கு வாஷர், நகரத்துக் கடை வேலைக்குப் பால்ரஸ் என்று பிரித்துக்கொள்ளலாம். பால்ரஸ்தான் பிடித்திருக்கிறது என்றால் கழற்றி மாட்ட எளிதான கத்தியாகப் பாருங்கள். பெரும்பாலான ஃபிளிப்பர்களில் அச்சுக்கு டி8, மற்ற இடங்களுக்கு டி6 டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) திருகாணி. இந்த ஸ்க்ரூடிரைவர் உங்களிடம் இல்லாவிட்டாலும் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மொபைல் சர்வீஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள், டி6 பெரும்பாலும் இருக்கும். சில கத்திகளில் வேண்டுமென்றே வேறு விதத் தலை வைத்த அச்சுத் திருகாணி போட்டிருப்பார்கள். அவற்றைத் தவிர்ப்பது நல்லது. கழற்றும்போது வெள்ளைத் துணி விரித்து வைத்துக்கொள்ளுங்கள். பால்ரஸ் கூண்டு துள்ளி விழுந்தால் சிவப்புச் சிமென்ட் தரையில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இனி எஃகு

கஞ்சமலையின் காந்த இரும்புத் தாதுவுக்குப் பழைய வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-களில் பரங்கிப்பேட்டையில் உலை நிறுவி, சேலம் வட்டாரத்துத் தாதுவை அங்கே உருக்கினார். எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு அவர் 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் எஃகுத் தொழில் அதனால் பெரும் லாபம் அடைந்தது. அவருக்கு மிஞ்சியது வழக்குதான். கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டின் கதையில் இப்படி நம் பக்கத்துத் தாதுவோடு மல்லாடிய ஒருவருக்கும் பங்கு இருக்கிறது.

இந்தப் பெருமையில் ஒரு குழப்பமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. "நம்மூர் ஸ்டெயின்லெஸ் இருக்கும்போது சீனாக் கத்தி எதுக்கு?" என்று கேட்பார்கள். 1980-களின் தொடக்கத்திலிருந்து சேலம் உருக்காலையில் வரும் தகடு உலகத்தரமானதுதான். ஆனால் பாத்திரத்துக்குப் போகும் 304 வகைத் தகட்டில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம், கரிமம் 0.08 சதவீதத்தைத் தாண்டாது. அதைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தாலும் கடினமாகாது. டம்ளருக்கு அது குணம், கத்திக்குக் குறை. கத்திக்கு வேண்டியது தோய்ச்சலில் இறுகும் எஃகு, அதற்குக் கரிமம் அரை சதவீதத்துக்கு மேல் வேண்டும். கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அரிவாளாக அடிப்பதும் இதனால்தான்.

மலிவு ஃபிளிப்பர்களில் நீங்கள் பார்க்கப்போகும் பெயர்கள் நாலைந்துதான். 8சிஆர்13எம்ஓவி: சீன எஃகு, கரிமம் 0.8 அளவில், குரோமியம் 13. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும், யாருக்கும் தொந்தரவு தராது. 9சிஆர்18எம்ஓவி: குரோமியம் கூடுதல், துருவுக்கு இன்னும் நன்றாகத் தாங்கும். 14சி28என்: ஸ்வீடன் நாட்டு எஃகு, கரிமம் 0.62, குரோமியம் 14, கூடவே கொஞ்சம் நைட்ரஜன். கடினத்தையும் துருத் தாங்குவதையும் ஒருசேரத் தருவதற்காகவே அந்த நைட்ரஜன். டி2: தகடு வெட்டும் அச்சுகள் செய்யப் பயன்படும் கருவி எஃகு, கரிமம் 1.5, குரோமியம் 12. கூர் நீண்ட நாள் நிற்கும்.

டி2 என்ற பெயருக்கு இங்கே தனி மவுசு. விலைக்கு எஃகு அதிகம் என்று எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். அட்டைப்பெட்டியும் சாக்கும் நாள்முழுக்க வெட்டும் லீ பஜார் மண்டிக்காரருக்கு அது சரியான தேர்வுதான். மலைக்கு மேலே நான் அதை வாங்க மாட்டேன். டி2-இல் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும் அதில் கணிசமான பங்கு கரிமத்தோடு சேர்ந்து கார்பைடு துகள்களாக ஒதுங்கிவிடுகிறது. துருவைத் தடுக்க எஃகில் கரைந்திருக்கும் மிச்சக் குரோமியம் போதாது. ஏற்காட்டில் மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஆரஞ்சு உரித்த கத்தியைத் துடைக்காமல் மடக்கி வைத்தால் காலையில் வாயோரம் காவிப் புள்ளிகள் தெரியும். எலுமிச்சை, மாங்காய்ப்பால் எல்லாம் இதே வேலையைச் செய்யும். டி2 மழுங்கிவிட்டால் கடையில் வாங்கும் சாதாரணச் சாணைக்கல் அதனிடம் எடுபடுவதும் கடினம், வைரப்பொடித் தகடு வேண்டும்.

என் தேர்வு 14சி28என். கிடைக்காவிட்டால் 9சிஆர்18எம்ஓவி. பழம் நறுக்க, கயிறு அறுக்க, மிளகுக்கொடி கட்ட, பார்சல் பிரிக்க இதற்கு மேல் எஃகு தேவையில்லை. பீங்கான் கப்பின் அடியில் மெருகில்லாத வளையம் இருக்கிறதே, அதில் நாலு இழுப்பு இழுத்தாலே கூர் மீண்டும் வந்துவிடும். எஃகின் பெயரே சொல்லாமல் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று மட்டும் போட்டு விற்கும் கத்தியைத் தொடாதீர்கள். 3சிஆர்13, 420 என்று எழுதியிருந்தால் அவை மென்மை வகை, ஒரு மூட்டைக்கே மழுங்கும்.

எவ்வளவு நீளம், எங்கே எடுத்துப் போகலாம்

அலகு ஏழரை சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் வேலை கூடுவதில்லை, பார்க்கிறவர்களின் பயம்தான் கூடுகிறது.

ஆயுத விதிகள், 2016-இன் அட்டவணை, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கிறது. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் வேலைகளுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நாம் பேசும் கத்தி அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான். தில்லியில் நிலைமை வேறு. ஸ்பிரிங், பொத்தான் அல்லது வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் அதை ஆயுதச் சட்டத்துக்குள் கொண்டுவரும் அறிவிக்கையை அங்குள்ள நிர்வாகம் 1980-இல் வெளியிட்டது. பட்டன் கத்தி வழக்குகள் அங்கே ஏராளம். வடக்கே போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் இல்லாத, மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட கத்தி என்று நான் சொல்வதில் பாதிக் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் விதியைவிடச் சூழ்நிலைதான் பெரிது. தோட்டத்தில், கடையில், வண்டியின் கருவிப் பெட்டியில் இருக்கும் கத்தியை யாரும் கேள்வி கேட்பதில்லை. தடை உத்தரவு போட்ட நேரத்தில், கோவில் திருவிழாக் கூட்டத்தில், கோர்ட்டு வளாகத்தில், கலெக்டர் ஆபீசில் அதே கத்தி பெரிய தலைவலி. சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் கைப்பையில் இருந்தால் பறிபோகும், அனுப்பும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பள்ளி, கல்லூரிப் பையன்களுக்கு வாங்கித் தராதீர்கள். தட்டினால் பறந்து திறக்கும் பொருளை அந்த வயதில் நாலு பேர் முன்னால் காட்டாமல் இருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லா வேலைக்கும் ஃபிளிப்பர் தேவையில்லை. காப்பிச் செடிக் கவாத்துக்குக் கவாத்துக் கத்தரி, ஒட்டுக்கட்ட ஒட்டுக்கத்தி, சாக்குத் தையல் பிரிக்கப் பத்து ரூபாய் கட்டர். ஒரு கை வேலையில் சிக்கியிருக்கும் இடத்தில்தான் ஃபிளிப்பருக்கு அர்த்தம். சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணியில் நின்று, இடக்கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் கத்தியை எடுத்துத் திறந்து கட்டுக்கயிற்றை அறுக்கிற மிளகுத் தோட்டக்காரர் நல்ல உதாரணம். அந்த உயரத்தில் பூட்டு நழுவக் கூடாது, அதனால்தான் பூட்டைப் பற்றி இவ்வளவு.

எதை வாங்கலாம்

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சிவிவி எலிமெண்டம் இந்த வகையின் அளவுகோல். லைனர் லாக், பால்ரஸ், ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் அலகு. முதலில் டி2-இல் வந்தது, பிறகு வேறு எஃகுகளிலும் வந்தது. எஃகு எது என்று பார்த்து வாங்குங்கள். தயாரிப்பாளர் யாங்ஜியாங்கின் வீ நைஃப் நிறுவனம். அவர்களே சென்கட் என்ற பெயரில் இன்னும் மலிவாகவும் தருகிறார்கள். சி.ஜே.ஆர்.பி. ஃபெல்ட்ஸ்பார் கொஞ்சம் பெரிய கைக்குப் பொருந்தும். கான்சோவின் ஃபயர்பேர்ட் எஃப்எச்11, டி2 எஃகில் விலை குறைவு, மண்டி வேலைக்கு ஏற்றது. ரூய்கே பி801 முழு எஃகுக் கைப்பிடி, 14சி28என், ஃபிரேம் லாக். விரல் வைக்கும் விஷயத்தைப் பழகிக்கொண்டால் உழைக்கும். ஆனால் எஃகுக் கைப்பிடி ஈரக் கையில் வழுக்கும். பனியில் வேலை செய்கிறவர்களுக்கு ஜி10 கைப்பிடியே மேல்.

இவற்றுக்கெல்லாம் போலிகளும் உண்டு. பெட்டி, எழுத்து, முத்திரை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பூட்டுத் தகடும் குண்டும்தான் காட்டிக்கொடுக்கும். பெரிய வெளிநாட்டுப் பிராண்டின் கத்தி எண்ணூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது அந்தப் பிராண்டு அல்ல. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்கத்தில் நிற்கலாம், வரியும் சேரும். திருப்பி எடுத்துக்கொள்ளும் உள்நாட்டு விற்பனையாளரிடம் இருநூறு, முந்நூறு கூடுதலாகக் கொடுத்து வாங்குவது நல்லது. மேலே சொன்ன சோதனைகளைப் பார்சல் வந்த அன்றே செய்துவிடுங்கள், திருப்பும் காலக்கெடு தாண்டிவிட்டால் பேச முடியாது.

வாங்கிய பிறகு

அச்சு ரொம்ப இறுகி அலகு சோம்பினால் டி8-ஐ வைத்து எட்டில் ஒரு சுற்று தளர்த்துங்கள், அப்புறம் மறுபடி சோதியுங்கள். திருகாணி தானே தளர்ந்துகொண்டே இருந்தால் நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற வராது. இடுப்புக் கிளிப்பின் திருகாணிகள்தான் முதலில் கழன்று தொலையும், வாங்கிய அன்றே அவற்றுக்கும் ஒரு சொட்டு வைத்துவிடுங்கள்.

சைக்கிள் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் கைதேர்ந்தவர். ஆனால் வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் இந்த மெல்லிய வாய் நொடியில் நீலம் பாரித்துவிடும். அந்த நீலம் தெரிந்த இடத்தில் எஃகு பதம் இழந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துக்கு இருபது டிகிரி சாய்வில் வைத்து, தண்ணீர் தெளித்த கல்லில் நீங்களே மெதுவாகத் தேய்ப்பது நல்லது.

பலாப்பிசினுக்குத் தேங்காய் எண்ணெய்தான் மருந்து, அலகில் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும். ஆனால் துடைத்தபின் அந்த எண்ணெயை அச்சில் விட்டுவைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸை ஒட்டி உறையும். மார்கழியில் ஏற்காட்டு இரவு அதற்கு வெகு கீழே போய்விடும், காலையில் கத்தி கஞ்சி குடித்ததுபோல் மந்தமாகத் திறக்கும். கோடையில் வேறு தொல்லை, நாள்பட்ட எண்ணெய் காறிப் பிசுபிசுக்கும். அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, குண்டு ஓடும் கோட்டில் ஊசி நுனியால் இன்னொரு துளி. வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பையில் இருக்கும் பஞ்சும் தூசும் அதில் வந்து ஒட்டும்.